நாற்பது நாள் கோழியும் தவிடு போன அரிசியும்

புரட்டாசி பிறந்தால் பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கிவிடும். வருடாவருடம் நடப்பதுதான். கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை அன்றாடம் அறிவிக்கிற ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக பிசிசி, அந்த ஊரில்தான் இருக்கிறது. பெருமாளுக்கு விரதம் என்று பாதி ஊர் கறிக்கடைப் பக்கமே போகாது; ஆனால் ஷெட்டில் இருக்கிற கோழிக்குப் புரட்டாசியும் தெரியாது, சனிக்கிழமையும் தெரியாது, அது பாட்டுக்குத் தின்று எடை போட்டுக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட வயதைத் தாண்டிவிட்டால் தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாது, அதனால் நட்டமானாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்புறம் ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கினால் விலை மறுபடி ஏறிக்கொள்ளும். கறி தின்பது சரியா தப்பா என்று யாராவது அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த விலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஏனென்றால் நம் பக்கம் பெரும்பாலானவர்களுக்குச் சைவம் என்பது நாள் பார்த்து வருகிற விஷயம். அமாவாசை, கிருத்திகை, வெள்ளி, செவ்வாய், மாலை போட்டிருக்கிற நாட்கள், வீட்டில் விசேஷம். மற்ற நாளில் கிடைத்தால் சாப்பிடுவோம். மத்திய அரசின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது. படிக்கிறவர்கள் ஏதோ தினமும் இலை நிறையக் கறி போட்டுச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். நிஜத்தில் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. உலகத்துக்கும் உடம்புக்கும் ஒத்துவருகிற சாப்பாடு எது என்று ‘லான்செட்’ மருத்துவ இதழோடு சேர்ந்து ஈட் என்கிற அமைப்பு 2019இல் ஓர் அறிக்கை போட்டது. ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 14 கிராம் போதும் என்றது. வாரத்துக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்தால் எலும்போடு சேர்த்து ஆளுக்கு அதே 100 கிராம்தான் வரும். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு அந்த அரைக் கிலோவையும் எல்லா வாரமும் எடுக்க முடிகிறவர்கள் எத்தனை பேர்? கறியைக் குறை என்கிற புத்திமதி எழுதப்பட்டது வேறு யாருடைய தட்டையோ பார்த்து. நமக்கு அது வரும்போது பாதி உண்மையாகத்தான் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் இந்த விவாதம் நன்றாகவே நடக்கும். அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், பால், தயிர், நெய் எதுவும் தொடுவதில்லை. பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், உடுமலைப் பக்கம் இரண்டு ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்க்கிறார். ஒரு காதுகுத்து விருந்தில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏனுங் மாமா, நீங்க வளக்கறது கோழியே இல்லீங்க. கறி மிஷினு.”

“அப்படியே இருக்கட்டும் கண்ணு. நீ குடிக்கிறியே பாதாம் பாலு, அது எந்த மரத்துல கறந்தது?”

பந்தியே சிரித்தது. எனக்கென்னவோ, அடுத்தவர் தட்டைப் பற்றிப் பேசுகிற வரைக்கும் இரண்டு பேர் பேசுவதும் சரி என்றுதான் படுகிறது. தன் தட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதுதான் இரண்டு பேரும் வழுக்குகிறார்கள்.

அண்ணனுடைய ஷெட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோழி சாப்பிடுகிற பலபேர் ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வெயில் நேராக உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீளமாகக் கட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் கம்பி வலை, கீழே தேங்காய் நார்க் கழிவைப் பரப்பியிருக்கும். ஒப்பந்தம் போட்டிருக்கிற கம்பெனியின் வண்டியில் குஞ்சு வந்து இறங்கும். ஒரு நாள் வயது, எடை 40 கிராம் சொச்சம், மஞ்சள் பஞ்சு மாதிரி இருக்கும். முதல் சில நாள் பல்பு போட்டோ கரி போட்டோ சூடு காட்ட வேண்டும், தப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியே நிறையச் செத்துவிடும். தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது, வந்து பார்க்கிற சூப்பர்வைசர் கம்பெனி ஆள். அண்ணனுடையது இடம், ஷெட், கரண்ட், தண்ணீர், உழைப்பு, அப்புறம் வங்கிக் கடன். சுமார் 40 நாளில் அந்த 40 கிராம் 2 கிலோவைத் தாண்டும். அதற்கு அது தின்கிற தீவனம் மூன்றேகால், மூன்றரைக் கிலோ, அவ்வளவுதான். ராத்திரியிலும் லைட் எரியும், இருட்டினால் கோழி தின்னாது. கடைசி வாரத்தில் போய்ப் பார்த்தால் பாதிக் கோழிக்கு நடக்கப் பிடிக்காது, தீவனத்தட்டுக்குப் பக்கத்திலேயே நெஞ்சை ஊன்றி உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு அண்ணன் அங்கேயும் இங்கேயும் ஓடுவார், அப்படியும் சில நாள் கூடைகூடையாகப் பொறுக்கிப் போடுகிற மாதிரி ஆகிவிடும். எல்லாம் முடிந்து கோழி தூக்கினால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கடையில் கறி என்ன விலைக்கு விற்றாலும் அவர் கைக்கு வருவது கிலோவுக்குச் சில ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், யார் கோபித்துக்கொண்டாலும் சரி. “பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்க” என்பது கதை. ஓர் ஊசிக்கும் வழியில்லை. ஆயிரக்கணக்கான கோழியைத் தினம் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் கூலி கொடுத்தால் அந்தக் கூலியிலேயே பண்ணை மூழ்கிவிடும். வேகமாக வளர்வது பரம்பரைக் குணம், மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் அதை அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். 1957ஆம் வருடத்து ரகம், 1978ஆம் வருடத்து ரகம், 2005இல் சந்தையில் இருந்த ரகம், மூன்றையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஒரே தீனி, ஒரே நாள் கணக்கு, நாலரை மடங்கு எடை. ஊசி வேண்டியதே இல்லை, முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஊசிக் கதையை நம்புவது சுலபம், ஏனென்றால் அதில் ஒரு திருடன் இருக்கிறான், பிடித்துவிட்டால் சரியாகிவிடும். இதில் பிடித்து உள்ளே போட யாரும் கிடையாது.

உண்மையான பிரச்சினை ஆன்டிபயாட்டிக். நோய்க்குக் கொடுப்பது வேறு, நோய் வருவதற்கு முன்னாலேயே, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்து கொடுப்பது வேறு. கொலிஸ்டின் என்றொரு மருந்து, வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கு மருத்துவமனைகளில் கடைசியாக எடுக்கிறது. அதைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்க மத்திய அரசு தடை போட்டது. இதைப் பற்றிக் கறிக்கடையில் நின்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஹார்மோன் ஊசியைப் பற்றித்தான் கேட்பார்கள்.

ருசி போய்விட்டது என்கிறார்களே, அதிலும் மர்மம் கிடையாது. நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ ஆக ஐந்தாறு மாதம் ஆகும், அது வரைக்கும் கிளறும், ஓடும், பறக்கும், புழு பூச்சி தின்னும். தசை உழைத்திருக்கும். நாற்பது நாள் கோழி ஒரு குழந்தை, உழைக்காத தசை, அதனால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும், பஞ்சாக இருக்கும், சொந்த ருசி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால்தான் மிளகாய்த்தூளும் கலரும் மயோனைஸும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை செய்ததே, அந்தத் தடை வரைக்கும் போகிற அளவுக்குச் சாப்பாட்டில் அது எப்போது நுழைந்தது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

சரி, கோழியை விட்டுவிட்டுப் பயறுக்குப் போகலாம் என்கிறான் அக்கா மகன். போகலாம். ஆனால் அவன் கடையில் வாங்குகிறது முழுப் பயறு இல்லையே. பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு என்று சாப்பிட்டால் எனக்கு வாயே கிடையாது. அவன் வாங்குவது தாவரக் கறி, தாவர நக்கெட், தாவரக் கீமா. இதில் புதுசு எதுவும் இல்லை, கல்யாண மண்டபத்தில் மீல்மேக்கர் குருமா சாப்பிட்ட எல்லோரும் தாவரக் கறி சாப்பிட்டவர்கள்தான். அது எப்படி வருகிறது தெரியுமா? சோயாவை நசுக்கி, ஹெக்ஸேன் என்கிற கரைப்பானைக் கொண்டு எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். மிச்சமிருக்கிற எண்ணெய் நீங்கிய புண்ணாக்கில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்கு. மனிதர் தின்கிற தரத்தில் அரைத்த மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுத்தால் மீல்மேக்கர். ஆக அண்ணனுடைய கோழியும் அக்கா மகனுடைய நக்கெட்டும் ஒரே சோயாவில் பிறந்த பங்காளிகள். இது ஏதோ பேச்சுக்குச் சொல்வதில்லை. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது கோழிப் பண்ணைக்காரர்கள் கேட்டதன் பேரில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரைக்கும் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. மரபணு மாற்றக் கத்தரிக்காயை எதிர்த்து அவ்வளவு சத்தம் போட்ட நாட்டில், இது கோழி வழியாக வந்ததால் சத்தமே இல்லாமல் தட்டுக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் பட்டாணிப் புரதத்தில் பர்கர் செய்கிற பியாண்ட் மீட் 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது 25 டாலருக்கு விற்ற பங்கு சில மாதத்தில் 230 டாலரைத் தாண்டியது. 2025இல் அது சில டாலருக்குள் வந்துவிட்டது. மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜனங்கள் முதல் தடவை வாங்கினார்கள், ருசியும் விலையும் சரிப்படாமல் இரண்டாம் தடவை வாங்கவில்லை, அவ்வளவுதான். கறியை விடுகிறவனுக்குக் கறி மாதிரி ஒன்று எதற்கு என்று அம்மா கேட்டதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

காய், தானியம் பக்கத்தில் நடந்திருப்பதுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயமாகத் தெரிகிறது, யாரும் பேசுவதில்லை என்பதால். வீட்டில் இட்லிக்கு இன்றைக்கும் ரேஷன் புழுங்கலரிசிதான். அம்மா ஊறப் போடும்போது தண்ணீரில் சில அரிசி மேலே மிதக்கும், மற்றதைவிட ஒரு மாதிரி மங்கலான மஞ்சளாக இருக்கும். “பிளாஸ்டிக் அரிசியக் கலந்து உட்டர்றாங்க” என்று அதை வழித்துச் சாக்கடையில் ஊற்றிவிடுவார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்து அரிசி மாதிரியே அச்சில் பிதுக்கி, 100 அரிசிக்கு ஒன்று என்ற அளவில் கலப்பது திட்டம். தமிழ்நாட்டில் 2020இல் திருச்சியில் சோதனையாக ஆரம்பித்துப் பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. பி12 செடி கொடியில் கிடைக்காது, அதற்காக அக்கா மகன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். இங்கே அம்மா அதே பி12ஐச் சாக்கடைக்கு அனுப்புகிறார்.

எதற்காக அரிசியில் இரும்பைக் கலக்க வேண்டியிருக்கிறது? முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது, தீட்டல். தவிட்டோடுதான் சத்து இருக்கிறது, தவிட்டை எடுத்துவிடுகிறோம். தவிட்டெண்ணெய்க்கும் மாட்டுத்தீவனத்துக்கும் அது போகிறது. மாடு நன்றாகவே சாப்பிடுகிறது. வெள்ளை வெளேர் என்று ஒரே அளவில், ஒரு கறுப்பு அரிசிகூட இல்லாமல், பையின்மேல் சார்டெக்ஸ் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற இயந்திரம்) என்று போட்டிருந்தால்தான் கடையில் கை வைக்கிறோம். இரண்டாவது காரணம் விதையிலேயே இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தவரும் சேர்ந்து 2021இல் ஒரு கட்டுரை போட்டார்கள். 1960கள் தொட்டு ஒவ்வொரு பத்தாண்டிலும் வெளியான நெல், கோதுமை ரகங்களின் விதையைச் சேர்த்துத் தொட்டியில் வளர்த்து அளந்திருக்கிறார்கள். 1960களின் நெல் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் இருந்த துத்தநாகம் 2000களின் ரகங்களில் 20.6. இரும்பு 59.8 இருந்தது 43.1 ஆகிவிட்டது. ஒரே மாதிரி வளர்த்தும் இந்த வித்தியாசம் என்றால், எல்லாப் பழியையும் “மண்ணு செத்துப்போச்சு” என்று மண்மேல் போட முடியாது.

இதையும் அந்த மூன்று கோழிச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே எடைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள், எடை வந்தது. இங்கே விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள், விளைச்சல் வந்தது. பஞ்சம் மிரட்டிக்கொண்டிருந்த காலம், அதிக விளைச்சல் நெல் ரகமான ஐஆர்8 வந்த 1966இல் யாரும் துத்தநாகத்தை அளந்துகொண்டிருக்க முடியாது, அதைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வராது. சாப்பிட்டு உயிரோடு இருந்ததால்தான் இன்றைக்கு உட்கார்ந்து சத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் எதை அளந்தோமோ அது மட்டும்தான் கூடியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவிஸும் கூட இருந்தவர்களும் 1950க்கும் 1999க்கும் இடையில் 43 காய்கனிப் பயிர்களின் அரசாங்கக் கணக்கை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். புரதம், கால்சியம், இரும்பு, வைட்டமின் சி என்று பல சத்துகள் மொத்தத்தில் குறைந்திருந்தன. அவர்கள் சொன்ன முக்கியமான காரணமும் ரகம் மாறியதுதான். காய் பெரிதாகிறது, சீக்கிரம் விளைகிறது, சத்து அந்த வேகத்துக்கு வந்து சேருவதில்லை.

ஆய்வெல்லாம் வேண்டாம் என்கிறவர்கள் ரசம் வைத்துப் பார்க்கலாம். நாட்டுத் தக்காளி நாலு பிழிந்துவிட்டால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். லாரியில் அடுக்கினாலும் நசுங்காத ஆப்பிள் தக்காளி பத்து நாள் கூடையில் கிண்ணென்று இருக்கும், ரசத்தில் போட்டால் தோல் தனியாகச் சுருண்டு மிதக்கும், புளிப்பும் இருக்காது ஒன்றும் இருக்காது. அது ரசத்துக்காக உருவாக்கின தக்காளியே இல்லை, லாரிக்காக உருவாக்கினது.

இப்படித் தின்றுவிட்டு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2019–21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 97 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிற மாநிலத்தில். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சைவமா அசைவமா என்கிற பட்டிமன்றத்தை அப்படியே கலைத்துவிடலாம் என்று தோன்றும். தட்டில் பெரும்பகுதி தீட்டின அரிசி, மேலே ஊற்றத் தண்ணியாக ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று சாம்பாராக இருந்தால் என்ன, கோழிக் குழம்பாக இருந்தால் என்ன, வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடிச்சட்டியில் மிஞ்சியிருக்கிற அளவுதான் அந்த 53.4இல் இருக்கிறவர்களுக்கு. அதனால்தான் முட்டை விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாராக இல்லை. 1989இல் சத்துணவில் முட்டை வந்தது, 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது, வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். யார் மனமும் புண்படாமல் காலகாலமாக நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை கிடையாது என்று முதலமைச்சரே சொன்னார்; கர்நாடகத்தில் பள்ளியில் முட்டை கொடுக்க ஆரம்பித்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தன் வீட்டில் எதையும் சாப்பிடாமல் இருக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு, பசித்த பிள்ளையின் தட்டில் கை வைக்க இல்லை. நாமக்கல் கூண்டில் முட்டைக்கோழி படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன், இறக்கையை விரிக்க இடம் இருக்காது. அது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

அக்கா மகன் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போன் போட்டுத் திட்டுவான். பாலைப் பற்றி அவன் சொல்வதை நம் சைவர்கள் காது கொடுத்துக் கேட்பதே இல்லை. பால் வேண்டும் என்றால் பசு கன்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பிறக்கிற கன்றில் பாதி காளை, டிராக்டர் வந்த பிறகு காளைக்கு வேலை இல்லை. கறவை வற்றின மாடும் வேண்டாத காளையும் பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும், கேரளத்து வியாபாரிகள் வாங்கி ஏற்றிக்கொண்டு போவார்கள். ‘நாங்கள் சுத்த சைவம்’ என்று சொல்லிக்கொண்டு டிகிரி காபி குடிக்கிறவருக்கும் பாலக்காட்டில் பீஃப் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் அந்த ஒரு லாரி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாலும் கெட்டுப்போகாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்கப் பால் மாதிரி எடுத்ததில் அஃப்லாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது எண்ணிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகளில்தான் அதிகம், 551இல் 88. அது பாலில் யாரோ கலந்த கலப்படம் கிடையாது, பூசணம் பிடித்த புண்ணாக்கும் தீவனமும் மாட்டின் வயிறு வழியாக வந்தது.

வெப்பமாதல் பற்றிச் சொல்கிறானே அதுவும் சரிதான். மனிதர் வெளிவிடும் பசுங்குடில் வாயுவில் கால்நடையின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்குப் போட்டது. ஆனால் அதற்குள்ளே போய்ப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு மாட்டினம், கோழியும் முட்டையும் சேர்ந்து 8 சதவீதம்தான். தண்ணீர் நிற்கிற நெல் வயலும் மீத்தேன் விடுகிறது. கறியை விட்டுவிட்டு அந்த இடத்தை இன்னும் இரண்டு கரண்டி சோற்றால் நிரப்பினால் காற்றுக்கும் லாபம் இல்லை, சர்க்கரை டாக்டருக்குத்தான் லாபம்.

ஆடு எனக்கு வேறு மாதிரி. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்குப் போய்க் கிடை போடுவார்கள். பகலில் தாள், புல், கருவேலங்காய் என்று மனிதன் தின்ன முடியாததை மேய்ந்துவிட்டு ராத்திரி வயலில் அடைபடும், புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு. வயல்காரர் அதற்குக் காசு கொடுப்பார். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்பது அனுபவத்தில் சொன்னது. கறியும் பயிரும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாராவது அந்தக் கீதாரியிடம் சொன்னால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். கொழுக்கட்டும் என்று மக்காச்சோளத்தையும் சோயாவையும் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில்தான் பிராணி நமக்குப் போட்டியாகிறது. இப்போது மேய்ச்சல் நிலம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, கல் நட்ட இடத்தில் ஆடு நுழைந்தால் சண்டை, கீதாரி வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நல்லதாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடு என்பார்கள். இதற்கும் எங்கள் பக்கம் அனுபவம் இருக்கிறது. பெருந்துறையில் ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று விளம்பரம் செய்து 2012இல் ஊரையே முழுங்கினார்களே, ஞாபகம் இருக்கும். கொலஸ்ட்ரால் இல்லாத கறி என்றுதான் அதற்கும் பேச்சு. அதே சூட்டோடு நாட்டுக்கோழித் திட்டங்களும் வந்து அதே மாதிரி போயின. இன்றைக்கு ரோட்டோரம் ‘நாட்டுக்கோழி’ என்று எழுதி வைத்து விற்பதில் பாதிக்குமேல் கலப்பினம், கூண்டில் அடைத்துப் பண்ணைத் தீவனம் போட்டு வளர்த்தது. விலை மட்டும் அசல் நாட்டுக்கோழி விலை. அண்ணன் தோட்டத்திலேயே அசலாக நாலு கோழி வளர்க்கலாமே என்றால் முடியாது, நோய் தொற்றும் என்று ஷெட் இருக்கிற இடத்தில் வேறு கோழி வளர்க்கக் கூடாது என்பது கம்பெனி கண்டிஷன். வீட்டுக்கு வேண்டும் என்றால் அண்ணியும் சந்தைக்குப் போய்த்தான் வாங்குகிறார், இரட்டை விலை கொடுத்து. ஷெட்டை மூடிவிட்டு நாட்டுக்கோழிக்கே மாறிவிட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, “அஞ்சு மாசம் வளத்தோணும், அதுவரைக்கும் பேங்குக்காரன் தவணை கேக்காம இருப்பானா? அப்புறம் கிலோ ஐநூறுன்னா எத்தன பேரு எடுப்பாங்க?” என்றார். கோழிக்கறி இருநூறு சொச்சத்துக்குக் கிடைப்பதால்தான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் வீட்டில் வாரம் ஒரு நாள் கறி வேகிறது. அதைப் பார்த்து விஷம் என்று முகம் சுளிக்கிற இயற்கை அங்காடிக் கும்பலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

விலை பார்த்து வாங்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறவர்களுக்குப் பதிலாக, மொத்தமாக வாங்குகிற ஓர் ஆள்தான் தரத்தைக் கேட்க முடியும். அப்படி ஓர் ஆள் இருக்கிறார், அரசாங்கம். ரேஷன் அரிசியும் சத்துணவு முட்டையும் 25 ரூபாய் பாமாயிலும் 30 ரூபாய் துவரம்பருப்பும் வாங்குவது அவர்தான். அரிசியை வெளுக்கத் தீட்டிவிட்டுப் பிறகு இரும்பைப் பிதுக்கிக் கலப்பதற்குப் பதிலாக, ஒரு சுற்றுக் குறைவாகத் தீட்டச் சொல்லலாம். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும் என்பார்கள், அது நிஜம்தான், ஆனால் மாதம் ஒரு தடவை வாங்கித் தீர்க்கிற அரிசிக்கு அது தாங்கக்கூடிய தொந்தரவு. முன்மாதிரி இல்லாமலும் இல்லை. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று ரேஷனில் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரரிடம் கேட்டதற்கு, “இங்க அதெல்லாம் இல்லீங்க, அரிசி எத்தன கிலோ போடட்டும்?” என்றார். வந்தால் அம்மா வாங்குவார், அவர் களி கிண்டித் தின்று வளர்ந்தவர். அக்கா மகனும் சாப்பிடுவான், அண்ணனும் சாப்பிடுவார். களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலா கோழிக் குழம்பா என்கிற சண்டையை அப்புறமாக வைத்துக்கொள்ளலாம்.